புதிய பதிப்பு கண்டார் மெய்ப்பாட்டியல்

2024 செப்டம்பரில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டின் ஆட்டக்காரர் கையேடு திருத்திய பதிப்பாக வெளிவந்தபோது மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்னும் முந்நிலத்து ஆட்டக்காரர்க்கும் உண்டான உணர்ச்சிகளை வகைப்படுத்தத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளே போதும் என்பதும், மேலைநாட்டு உளவியலார் இதில் தலையிட வேண்டுவதில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும். மெய்ப்பாடாவது உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதல். பகடையைச் சுவரில் எறிதல் இதன்பாற்படும்.

இவ்விளையாட்டாவது, நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் மந்திரவாதி, வீரன், திருடன் முதலிய வேடம் ஏற்று, செய்யத் துணிந்த செயல் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடையை உருட்டித் துணிவதாம். கதை நடத்துபவர் டிஎம் எனப்படுவர். அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பது விதி, மேல்முறையீடு நடவாத மேசை இல்லை என்பது வழக்கு. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இதனை வெளியிட்டனர் என்பர். எனினும், உலகத்துப் பொருள் அனைத்துக்கும் கபாலீசுவரர் கோயில் குளக்கரையையே பிறப்பிடமாகக் காட்டவல்ல நம் ஆய்வு மரபு இதற்கு எளிதில் உடன்படாது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதம் இங்கிலாந்து சென்று பாம்பும் ஏணியுமாகி, அமெரிக்காவில் 1943இல் பாம்புக்குப் பதில் சறுக்குமரம் வைத்து மில்டன் பிராட்லி நிறுவனத்தால் விற்கப்பட்டது. அந்நிறுவனத்தை 1984இல் வாங்கிய ஹாஸ்ப்ரோ, 1999இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிடும் நிறுவனத்தையும் வாங்கியது. ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்போர் உறவினராவர் என்பதனால், இரண்டும் பங்காளிகள் என்பது வெளிப்படை. இதனைச் செல்லரித்த ஏடு ஒன்றும் வலியுறுத்துகிறது. செல்லரித்த பகுதியில்தான் வலியுறுத்துகிறது.

பதிப்பு வரலாறு வருமாறு: இரண்டாவது 1989, மூன்றாவது 2000, நான்காவது 2008, ஐந்தாவது 2014. இடையே 2003இல் வந்ததை மூன்றரை என்று எண்ணினர். 2024இல் வந்ததை ஆறாவது என்று கூறப் பதிப்பாளர் மறுத்து, இதுவும் ஐந்தாவதே என்று சாதிக்க, ஆட்டக்காரருட் சிலர் ஐந்தரை என்று முடிவு செய்துள்ளனர். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ஆம் நாளும் வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் நாளும் நிகழ்ந்த ஒரே சனிப்பெயர்ச்சிக்கு இருமுறையும் எள்விளக்கு ஏற்றிப் பழகிய மயிலாப்பூர் இதில் கலங்கவில்லை.

இனி மெய்ப்பாடுகள். நகை, புதிய நூலைப் பாராதார் பார்த்தாரைக் கண்டு கொள்வது. மருட்கை, 384 பக்கம்.

அச்சம் தோன்றும் களன்களுள் ஒன்று 'தம் இறை', அதாவது தம்மை ஆள்பவரிடத்துத் தோன்றுவது. டிஎம் புதிய நூலை வாங்கிவிட்டாரோ என்னும் நடுக்கம் இதன்பாற்படும். 'அணங்கு' என்னும் களனில் அஞ்சியவர் பதிப்பாளரே. பேய்விளையாட்டு என்று பெற்றோர் சிலர் எழுப்பிய கூக்குரலுக்குப் பின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் பேய் பிசாசுகளுக்கு வாயில் நுழையாத வேறு பெயர் சூட்டி ஒளித்துவைத்தனர்.

அழுகைக்குக் களன் வறுமை. ஆட்டக்காரர் கையேடு செப்டம்பரிலும், டிஎம் கையேடு நவம்பரிலும், அரக்கர் நூல் 2025 பிப்ரவரியிலும் வெளிவந்தமையால், தியாகராய நகரில் இம்மெய்ப்பாடு மூன்று தவணைகளில் நிகழ்ந்தது.

இளிவரல் மூப்பினால் வரும். காயம் ஆற்றும் மந்திரம் முன்னர் ஓர் எண்முகப் பகடை அளவு உயிர் தந்தது. இப்போது இரண்டு பகடை அளவு தருகிறது. இதைக் கேட்ட மூத்தோர், தம் காலத்து மந்திரவாதி நான்கு முகப் பகடை அளவே உயிர் கொண்டு, நாளைக்கு ஒரு மந்திரம் சொல்லி, பூனை கீறினாலும் மாண்டான் என்று பெருமூச்செறிவர். அவன் மாண்டதில் அவர்க்கு என்ன பெருமை என்பது தனி ஆய்வுக்குரியது.

வெகுளியே இவ்வியலின் உயிர்நிலை. இதற்குத் தொல்காப்பியர் வகுத்த களன் நான்கும், இந்நூலை நோக்கியே வகுக்கப்பட்டனவோ என ஐயுறும் வண்ணம் பொருந்துகின்றன. முதலாவது உறுப்பறை, உறுப்பை அறுத்தல்: பாலடின் எனப்படும் அறவழி வீரனால் முன்பு தன் வாள்பட்ட ஒவ்வோர் அடியிலும் தெய்வ வலிமையைச் சேர்த்து ஓங்க முடிந்தது, புதிய பதிப்பு அதனை மந்திரமாக்கி, முறைக்கு ஒன்று என வெட்டிவிட்டது. ஆட்டக்காரர் இதனை நெர்ஃப் என்பர், வலி குறைத்தல் என்பது பொருள். இரண்டாவது குடிகோள், குடிக்குக் கேடு சூழ்தல்: அரை எல்ஃப், அரை ஆர்க் என்னும் கலப்புக் குடிகள் நூலினின்று நீக்கப்பட, முழு ஆர்க் புதிதாகச் சேர்க்கப்பட்டான், தந்தைக்குப் பட்டா, மகனுக்குக் காலி செய்யும் ஆணை.

இவ்விடத்து உரைகாரர் வேறுபடுவர். பெயர் அறியப்படாத பழைய உரைகாரர் ஒருவர், அரை எல்ஃபின் மற்றோர் அரையை மனிதர் கணக்கில் சேர்த்துக்கொள்க என்றார். அவ்வுரைக்கு விளக்கம் எழுதியவர், ஏட்டின் இடப்பக்கத்துப் பஜ்ஜி எண்ணெய்க் கறைக்கு மேல் 'சேர்க்கற்க' என்றும், கீழ் 'சேர்க்க' என்றும் இருத்தலின், கறையே மூலம், ஏனைய இடைச்செருகல் என்று நிறுவினார். அவ்விளக்கத்தை மறுத்தெழுந்த நூல் இன்னும் எழுதப்படவில்லை. எனினும் அதன் மூன்றாம் இயலில், எண்ணெய் கடலையா நல்லெண்ணெயா என்பது தெளிந்தாலன்றிக் கறையின் காலத்தையும், கறையின் காலம் தெளிந்தாலன்றி எல்ஃபின் காலத்தையும் வரையறுத்தல் இயலாது என்று கூறப்படுமெனத் தெரிகிறது. இக்கருத்துப் பலராலும் மேற்கோள் காட்டப்படுவது.

மூன்றாவது அலை, அலைத்துத் துன்புறுத்தல்: காட்டு வேட்டுவனாகிய ரேஞ்சர், கடைசிப் படிநிலையாகிய இருபதாவதை எட்டியதும் பெறும் பரிசு, தன் வேட்டைக்குறி மந்திரத்துக்கு ஆறு முகப் பகடைக்குப் பதில் பத்து முகப் பகடை என்பதே; ஆண்டுக்கணக்கில் ஆடி அப்படியை அடைந்தார் நிலை எண்ணத்தக்கது. நான்காவது கொலை: 2008இல் விதிகளை மாற்றியதோடு அமையாமல், கதையுலகத்து மந்திரத் தெய்வமாகிய மிஸ்ட்ராவையே கொன்று, விதிமாற்றத்துக்கு அதைக் காரணமாகவும் காட்டினர். பதிப்பாசிரியர் தம் திருத்தத்துக்கு ஏடெழுதியவன் மேல் பழிபோடுதல் நம் நாட்டில் உண்டு. தெய்வத்தைக் கொல்லும் அளவுக்கு எவரும் சென்றதில்லை. அந்நாளில் பழைய விதியை விடமாட்டோம் என்றவர்க்காக 2009இல் பாத்ஃபைண்டர் என்னும் போட்டி விளையாட்டே தோன்றிற்று.

பெருமிதத்துக்குக் கல்வியும் கொடையும் களன். கல்வியாவது பிறர் முறையில் குறுக்கிட்டுப் பக்க எண் சொல்லுதல், அடையாற்றில் மிகுதி. கொடையாவது நூலை இரவல் தருதல். இதற்கு முந்நிலத்தும் எடுத்துக்காட்டுக் கிடைத்திலது.

உவகை, மங்க் எனப்படும் துறவு வீரனை ஆடுவோர்க்கு மட்டும்.

இவ்வெட்டும் நூல் கைக்கு வருமுன்னரே முற்றத் தோன்றிவிட்டமையால், இவற்றுக்கும் நூலின் உள்ளடக்கத்துக்கும் தொடர்புண்டு என்பார் கூற்றுப் பொருந்தாது. ஆயினும் இக்கட்டுரையின் இரண்டாம் பகுதிக்கு மூலநூலையும் ஒருமுறை பார்க்க நேரும் போலத் தோன்றுதலின், லஸ் முனைக்கும் பனகல் பூங்காவுக்கும் இடைப்பட்ட அன்பர் எவரேனும் ஒரு பிரதி இரவல் தந்துதவ வேண்டும். எண்ணெய் படாமல் திருப்பித் தரப்படும்.