தொலைந்த படங்களும் தொலையாத படங்களும்

ஹார்ட்டிஸ்க் சாகப்போகிறது என்பதை அந்தக் காலத்தில் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, அதுவே சொல்லிவிடும். முதலில் கணினி திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், பிறகு காரணமில்லாமல் நீலத்திரை வரும், அதற்கும் பிறகு பெட்டிக்குள்ளிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம்; இதை வாசிக்கிற உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்நேரம் அது காதில் விழுந்திருக்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டின்மேல், தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதந்துகொண்டு படிக்கிற தலை, தன் தடத்தைக் காணாமல் ஓரத்துக்குப் போய் மறுபடியும் மறுபடியும் தேடி வரும் சத்தம் அது. 2000-களின் தொடக்கத்தில் அவ்வளவு விவரம் எனக்கு எங்கே தெரியும்? பெட்டியில் காதை வைத்து, நாடி பார்க்கிற வைத்தியர் தோரணையில் கண்ணை மூடி, "இன்னும் உயிர் இருக்கு" என்று சொல்லத் தெரியும். ஜொகூரில், தெப்ராவில், எங்கள் குடியிருப்பான தாமானுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கள் பக்கத்து மவுண்ட் ஆஸ்டின் ரப்பர்த் தோட்டமாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் கோப்பிக்கடையில் இன்னும் உட்கார்ந்திருந்த காலம் அது. அவர்கள் நடுவே நான் "கம்ப்யூட்டர் தம்பி". அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது டாஸ் காலத்து வித்தை ஒன்று. டாஸில் ஒரு கோப்பை அழித்தால் அது உண்மையில் அழியாது. பெயரின் முதல் எழுத்தை மட்டும் துடைத்துவிட்டு, இடம் காலி என்று எழுதி வைத்துக்கொள்ளும். 1991-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் 'அன்டிலீட்' கட்டளையைத் தட்டினால், அந்த முதல் எழுத்தை நம்மிடமே கேட்கும். சொன்னால் கோப்பு எழுந்து வரும். கோயில் கமிட்டியின் திருவிழாக் கணக்கை அப்படி மீட்டுக் கொடுத்ததற்கு எனக்கு ஒரு தட்டு நிறைய சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. செயலாளர் முகத்தில் மட்டும் அத்தனை மகிழ்ச்சியைக் காணோம்.

அந்தப் புகழோடு இருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அக்காவின் கணினி டக் டக் என்றது. உள்ளே மகளின் கல்யாணப் படங்கள். "தம்பி, படம் வருமாப்பா?" என்று அவர் கேட்ட குரலில் கல்யாணமே நின்றுபோன கவலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலிடே பிளாசா பேரங்காடிக்குப் போனோம். திருட்டு சிடிகளும் கைத்தொலைபேசி உறைகளும் தொங்கிய சந்துகளுக்கிடையே, திருப்புளியைக் காதில் செருகியிருந்த சீனப் பையன் ஒரே கேள்விதான் கேட்டான்: "போஸ், டேட்டா மாவு கா, விண்டோஸ் சாஜா?" உள்ளே இருப்பது வேண்டுமா, விண்டோஸ் ஏறினால் போதுமா. வாழ்க்கையைப் பற்றி யாரும் என்னை அவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

ஹார்ட்டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரீசரில் வைத்தால் பிழைக்கும் என்று தெப்ராவ் முழுக்க ஒரு வைத்தியம் உலவியது. வெளியே எடுத்த நிமிடமே ஜொகூர்க் காற்றின் ஈரம் அதன்மேல் முத்து முத்தாய்க் கோத்துக்கொள்ளும் என்பதைச் சொன்னவர் யாருமில்லை. நல்லவேளை, அக்காவின் ஃபிரீசரில் கெம்போங் மீனுக்கே இடம் போதவில்லை. ஆகவே லினக்ஸ் சிடி ஒன்றைப் போட்டு, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு முரண்டுபிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும் 'டிடிரெஸ்கியூ'வை இரவு முழுக்க ஓடவிட்டோம். அதன் நகலில் 'ஃபோட்டோரெக்' தேடியது. அது கோப்புகளின் பட்டியலை நம்பாது, ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தை வைத்தே படத்தைப் பொறுக்கி எடுக்கும். அதனால் படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எல்லாம் வெறும் எண்கள்.

எது யார் என்று தெரிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். அக்கா வீட்டுக் கூடத்தில் தே தாரிக்கோடு இரண்டு குடும்பம் உட்கார்ந்தது. "அது பத்து பகாட் சித்தப்பா இல்லடி, குளுவாங் மாமா!" என்று வழக்கு நடந்தது. ஒரு படத்தில் மாப்பிள்ளைக்கு மேல்பாதி மட்டும் இருந்தது, வேட்டி இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சாம்பல் நிறம். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கல்யாணத்தன்று பேசிக்கொள்ளாத சம்பந்திகள் அன்றுதான் பேசினார்கள்.

இப்போது வந்திருக்கிற எஸ்எஸ்டிக்குச் சத்தமே கிடையாது. வேகம் கேட்டால் சொர்க்கம். போகும்போதும் அப்படித்தான், பல சமயம் ஒரு முனகல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். அழித்த கோப்பையும் 'டிரிம்' என்ற ஏற்பாடு உடனுக்குடன் கூட்டிப் பெருக்கிவிடுவதால், முதல் எழுத்தைக் கேட்டு வரவும் அங்கே யாரும் இல்லை. கவலை வேண்டாம், எல்லாம் மேகத்தில் இருக்கிறது என்கிறார்கள். 2019-இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்த பிறகு அந்த மேகம் பாலம் தாண்டி எங்கள் பக்கம் இறங்கிவிட்டது. குலாயில் 'குலாய் யங்' என்ற செம்பனைத் தோட்டம் கைமாறி, வைடிஎல் குழுமத்தின் தரவு மையப் பூங்கா ஆகியிருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தவர்களின் படங்கள் ஒருவேளை தோட்டத்துக்கே திரும்பிப் போயிருக்கலாம்.

அண்மையில் அக்காவிடம் பேரன் பிறந்தநாள் படங்களைக் கேட்டேன். "ஆயிரக்கணக்குல இருக்குப்பா, எங்கேயும் போகாது" என்றார். பார்த்தீர்களா என்றேன். "அதான் போகாதே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்த அப்புறத்துக்குத்தான் இப்போது நாங்கள் எல்லோரும் மாதாமாதம் ரிங்கிட் கட்டிக்கொண்டிருக்கிறோம். அன்று தோட்டம் நமக்குச் சம்பளம் கொடுத்தது, இன்று நாம் தோட்டத்துக்கு வாடகை கொடுக்கிறோம்.