பத்தாவது வரை

பெண் பார்க்கப் போன அன்று என் மாமனார், “மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்?” என்று கேட்டார். எங்கள் பெரியப்பா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “பத்தாவது வரை” என்றார். அந்த ‘வரை’யில்தான் அவருடைய ராஜதந்திரம் இருந்தது. பொய் இல்லை, உண்மையும் இல்லை. அந்த ஒரு சொல்லின் நிழலில் பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன்.

நடந்தது இதுதான். 1994 மார்ச்சில் ஆங்கிலத்தில் 27. அக்டோபரில் மறுபடி எழுதினேன், 31. முப்பத்தைந்து கண்ணுக்குத் தெரிகிறதே என்று அடுத்த மார்ச்சில் நம்பிக்கையோடு எழுதினேன், 24. முன்னேற்றம் எந்தத் திசையில் போகிறது என்று புரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். அப்புறம் எட்டாவது தகுதியில் அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. இளநிலை உதவியாளராக வேண்டுமென்றால் பத்தாவது தேறியிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் சேர்ந்து என்னோடு ஒரே ஸ்டூலைப் பகிர்ந்துகொண்ட பையன் இன்று நாற்காலியில் உட்கார்ந்து, “அண்ணே, எனக்குச் சக்கரை கம்மி” என்கிறான். நான்தான் டீ வாங்கி வருகிறேன்.

இடையில் ஒருமுறை அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது போல இருந்தது. 2020இல் கொரோனா வந்து, பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்வில்லாமலே பாஸ் என்று டிவியில் சொன்னார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினேன். அந்தச் சலுகை பள்ளி மாணவர்களுக்கு மட்டும்தானாம். தனித்தேர்வர்கள் செப்டம்பரில் முகக்கவசம் போட்டுக்கொண்டு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார்கள். சட்டையைக் கழற்றிவிட்டேன்.

குட்டு உடைந்தது போன மே மாதம். மகளுக்குப் பத்தாவதில் ஆங்கிலத்தில் 91. எந்த அப்பாவும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்: “மீதி ஒம்போது எங்க போச்சு?” அன்று சாயங்காலமே, வீட்டுவரி ரசீதைத் தேடி பீரோவைக் குடைந்த என் மனைவியின் கையில் என் பழைய மதிப்பெண் பட்டியல் அகப்பட்டது. படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் அதை மகளிடம் நீட்டினாள். சிரித்திருந்தால்கூட பரவாயில்லை. அந்தப் பெண் என்னைக் கருணையோடு பார்த்து, “துணைத்தேர்வுக்கு அப்ளை பண்ணுங்கப்பா, நான் சொல்லித் தர்றேன்” என்றாள்.

அன்றிலிருந்து ராத்திரி எட்டு மணி ஆனால் டிவி அணைக்கப்படும். அணைக்கப்படும் என்று சொல்கிறேன் பாருங்கள், இது செயப்பாட்டு வினை. ஆங்கில இலக்கணத்தில் எனக்குச் சட்டென்று பிடிபட்டது இது ஒன்றுதான். செய்தவன் பெயரைக் கடைசியில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம் என்று மகள் விளக்கியபோது எனக்குப் புல்லரித்தது. இதைத்தானே நான் கல்யாணமான நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன்! “கரண்ட் பில் கட்டப்படவில்லை.” “பால் வாங்கப்படவில்லை.” “யாரால?” என்று கேட்பாள் மனைவி. அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று வெள்ளைக்காரனே எழுதி வைத்திருக்கிறான்.

கடிதம் எழுதுவதில் வேறு சிக்கல். எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி நாளிதழ் ஆசிரியருக்குப் புகார் எழுதச் சொன்னாள். பதினோரு வருஷக் கோபம், கொட்டித் தீர்த்துவிட்டேன். கீழே என் பெயர், கதவு எண், தெரு எல்லாம் தெளிவாக எழுதினேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பரீட்சையில் சொந்தப் பெயர் போடக் கூடாதாம். பெயருக்கு மூன்று எக்ஸ், ஊருக்கு மூன்று ஒய். சாக்கடை நாறுவது என் வீட்டு வாசலில், மார்க் வாங்குவது எக்ஸ் எக்ஸ் எக்ஸா?

மனப்பாடச் செய்யுளைத் தமிழ் எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கோப்பு கொண்டுபோன இடத்தில் அது நழுவி கண்காணிப்பாளர் மேசையில் விழுந்தது. எடுத்து இரண்டு வரி வாய்விட்டுப் படித்தவர், பயபக்தியோடு திருப்பிக் கொடுத்து, “எந்தக் கோயில் மந்திரம்பா? எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடு, மூட்டு வலி” என்றார்.

பாடங்களில் ‘தி லாஸ்ட் லெசன்’ மட்டும் என்னை அசைத்தது. அல்போன்ஸ் டோடே எழுதிய பிரெஞ்சுக் கதை. பிரஷ்யாக்காரர்கள் பிரெஞ்சு மொழிப் பாடத்தையே நிறுத்திவிட, கடைசி வகுப்புக்கு ஊர்ப் பெரியவர்கள் வந்து பின்வரிசையில் உட்காருகிறார்கள். ஹவுசர் என்ற கிழவர் மூக்குக்கண்ணாடியோடு, பிள்ளைகளின் அரிச்சுவடியை விரித்துவைத்து எழுத்துக் கூட்டுகிறார். அந்த இடம் வந்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். “என்னப்பா?” என்றாள் மகள். “தூசி” என்றேன். மேலே கேட்காமல் பக்கத்தைத் திருப்பினாள்.

தேர்வு நாளன்று பள்ளி வாசலில் காவலாளி வழிமறித்தார். “பிள்ளைய உள்ள அனுப்பிட்டு நீங்க அந்த மரத்தடியில நில்லுங்க.” ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, “எங்க அப்ளை பண்ணணும் சார்? எனக்குக் கணக்கு நிக்குது” என்றார். சேவை மையம் இருக்கும் தெருவை விளக்கிச் சொன்னேன். அன்று நான் திருத்தமாகப் பதில் சொன்ன கேள்வி அநேகமாக அது ஒன்றுதான்.

பத்து மணிக்கு மணி அடித்தது. முதல் பத்து நிமிஷம் வினாத்தாளைப் படிக்க மட்டும். இந்தச் சலுகை என்னைப் போன்றவனுக்குத் தண்டனை. எத்தனை தெரியவில்லை என்று நிதானமாக எண்ணிப் பார்க்க முடிகிறது. பிறகு ஐந்து நிமிஷம் விவரங்களைச் சரிபார்க்க. மூன்று மணி நேரமும் அந்தக் குட்டிப் பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவே என் தொப்பை மாட்டிக்கொண்டிருந்தது. மூச்சை உள்ளிழுத்தால்தான் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடிந்தது.

வழிகாட்டும் வரைபடக் கேள்வி வந்ததும் தெம்பு வந்தது. ஊரில் வழி கேட்கிறவர்களை எல்லாம் என்னிடம்தான் அனுப்புவார்கள். ஆனால் நான் வழி சொல்வது ‘அந்த டீக்கடை வரைக்கும் போங்க, அங்க யாரையாவது கேளுங்க’ என்கிற வகை. படத்தில் வங்கி இருந்தது, பூங்கா இருந்தது, டீக்கடை இல்லை. ‘கோ ஸ்ட்ரெய்ட், டேக் லெஃப்ட், கோ ஸ்ட்ரெய்ட்’ என்று அந்த வழிப்போக்கனை அழைத்துப்போய், கடைசியில் எங்கே நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. பாவம், கடைசி வரியாக ‘ஆஸ்க் எனிபடி’ என்றும் எழுதி வைத்தேன்.

முடிவு வந்த அன்று மகள்தான் செல்போனில் பதிவெண்ணைத் தட்டினாள். 41. தேர்ச்சி. மனைவி சர்க்கரை டப்பாவைத் திறந்து என் வாயில் ஒரு பிடி போட்டாள். சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டாள். மென்று விழுங்கி நிமிர்ந்தால், மகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“மீதி அம்பத்தொம்போது எங்கப்பா போச்சு?”

“போடப்படவில்லை” என்றேன்.