பின்னால் வராத ஹெலிகாப்டர்

எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு ஊஃபரும் இருக்கின்றன. ஊஃபரை டீப்பாய் என்று நினைத்து, வருகிறவர்கள் அதன் தலையில் காபி டம்ளரை வைப்பார்கள். படத்தில் குண்டு வெடித்தால் டம்ளர் தானாக நகரும். அதற்குப் பிறகு அவர்களே எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் பார்ப்பவரின் நேர்ப்பார்வையிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒன்றியத்தார் சென்னையில் ஃபிளாட் பார்த்து அலைந்தவர்கள் அல்ல. எங்கள் ஹாலில் இடப்பக்கம் 110 டிகிரியில் பூஜை அறையும் வலப்பக்கம் 110 டிகிரியில் ஃபிரிட்ஜும் வருகின்றன. ஆகவே ஒன்று பூஜை அறை நிலைக்கு மேலேயும், இன்னொன்று ஃபிரிட்ஜின் மேல் ஸ்டெபிலைசருக்கும் பழைய காலண்டர் சுருள்களுக்கும் நடுவிலும் குடியேறின. நிலைக்கு மேல் இருப்பவருக்கு வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் உண்டு. ஃபிரிட்ஜ்காரருக்கு ஆயுத பூஜை அன்று மட்டும்.

இந்த ஆறு பேருக்கும் வேலை சமமாகப் பிரிக்கப்படவில்லை. வசனம் ஏறக்குறைய முழுவதும் நடு ஸ்பீக்கர் தலையில். பாட்டும் சண்டையும் முன்னால் இடம் வலம் நிற்பவர்களுக்கு. ஊஃபர் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உறுமுவதோடு சரி, 5.1 என்பதில் அந்தப் புள்ளி ஒன்று அவர்தான். பின்னால் இருக்கும் இருவருக்கும் மழை பெய்தால், ஹெலிகாப்டர் பறந்தால், கோர்ட் காட்சியில் யாராவது இருமினால் மட்டும் டியூட்டி. ஆனால் கடையில் கொட்டிக்கொடுத்த காசு அந்த இருவருக்காகத்தான். அவர்கள் இல்லாவிட்டால் ஸ்டீரியோ, அவ்வளவே.

இந்த ஆசையை எனக்குள் போட்டவை தியேட்டர்கள். 1986-இல் 'மாவீரன்' தமிழின் முதல் 70 எம்.எம். படமாக ஆறு டிராக் ஒலியோடு வந்தது. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பியோடு வந்தது. அதையொட்டி டி.டி.எஸ். வந்தது. 1993-இன் 'ஜுராசிக் பார்க்' அதன் முதல் படம். ஆறு சேனல் ஒலி தனியாக சிடியில் இருக்கும். பிலிமில் பதித்த நேரக்குறியைப் பார்த்துக்கொண்டு சிடி கூடவே ஓடும். நம்மூர் போஸ்டர்களில் கதாநாயகி பெயரைவிடப் பெரிதாக 'டி.டி.எஸ்.' என்று அச்சடித்தார்கள். டவுன் தியேட்டர்காரர்கள் ஒரு படி மேலே போய், போட்ட காசு ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் என்று பக்கச்சுவர் ஸ்பீக்கர்களை முழுசாகத் திருகிவைத்தார்கள். திரையில் கதாநாயகன் மெல்லிய குரலில் காதலைச் சொல்ல, சுவரிலிருந்த குருவிகள் அவனை அதட்டி உட்காரவைத்தன. எனக்கு அது பிடித்திருந்தது. இன்றும் பிடிக்கிறது.

டிவிடி இருந்தவரை வீட்டிலும் குறையில்லை. வட்டைப் போட்டால், ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவரின் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று நீல எழுத்து எரியும். ஹெலிகாப்டர் பூஜை அறையிலிருந்து கிளம்பி ஃபிரிட்ஜுக்குப் போகும். ஓடிடி பார்க்க டிவியின் முதுகில் செருகும் அந்தக் கட்டைவிரல் அளவு ஸ்டிக் வீட்டுக்கு வந்த பிறகு, ஹெலிகாப்டர் திரையைவிட்டு வெளியே வர மறுத்தது.

பின் ஸ்பீக்கர்களில் சத்தமே இல்லை என்று புகார் சொல்லவும் வழியில்லை. 2012-இல் வாங்கிய என் ரிசீவர் இளகிய மனசுக்காரர். இரண்டே சேனல் வந்து சேர்ந்தால், பாவம் பின்னால் இருப்பவர்கள் சும்மா இருக்கிறார்களே என்று அதையே நகலெடுத்து ஐவருக்கும் கொடுத்துவிடுவார். முகப்பில் 'மல்டி சேனல் ஸ்டீரியோ' என்று எரியும். முதல் சொல்லைப் படித்ததுமே பார்ப்பவர்களுக்கு மனம் நிறைந்துவிடும். என் சகலைக்கும் அப்படித்தான் நிறைந்தது.

"எல்லாப் பக்கமும் சத்தம் வருதே சகலை, அப்புறம் என்ன?"

"எல்லாப் பக்கமும் ஒரே சத்தம் வருது. அதான் பிரச்சினை."

"எங்க வீட்ல டிவி பக்கம் மட்டுந்தான் வருது. நான் யாரையாவது கேட்டேனா?"

அவரை ஃபிரிட்ஜ் ஓரமாக உட்காரவைத்து ஒரு காட்சியைப் போட்டேன். கதாநாயகி எதிரே திரையில் அழுதாள். சகலை ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு ஏன் இங்கேருந்து பேசுது?" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்க இந்தக் குடும்பத்தில் இன்னொருவர் கிடைத்தாரே என்று எனக்குக் கண் கலங்கியது.

முதலில் ஸ்பீக்கர்களைச் சோதித்தேன். ரிசீவரில் டெஸ்ட் டோன் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் மாற்றி மாற்றி 'உஷ்ஷ்' என்று ஊதும். ஃபிரிட்ஜ் மேல் ஊதியபோது அம்மா சமையலறைக்கு ஓடினார். "குக்கருக்கு வெயிட் போடாம யாரு வெச்சது?" என்று மனைவியைக் கேட்டார். மனைவி என்னைக் கேட்டாள். ஆக ஐவரும் ஆரோக்கியமாக இருப்பது உறுதியாயிற்று.

அடுத்தது வாடிக்கையாளர் சேவை. டிவிக்காரர் ரிசீவரைக் காட்டினார், ரிசீவர்காரர் ஸ்டிக்கைக் காட்டினார், ஸ்டிக்காரர் ஓடிடியைக் காட்டினார், ஓடிடிக்காரர் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். மோடத்துக்குக் கீழே காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் விசாரணை அங்கே முடிந்தது.

உண்மையில் இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை, வம்பே அதுதான். ஒன்று பழுதாகியிருந்தால் சத்தம் நின்றிருக்கும், மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். இவை எல்லாம் நன்றாக வேலை செய்துகொண்டு, அடுத்தவரால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்த்து அந்த அளவுக்கு இறங்கிக்கொண்டே வருகின்றன. இறங்கியதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

எச்.டி.எம்.ஐ. வயரில் இரண்டு கருவிகளைச் சேர்த்ததும், படம் வருவதற்கு முன்னால் ஜாதகப் பரிமாற்றம் நடக்கிறது. இ.டி.ஐ.டி. என்று அதற்குப் பெயர். டிவி தன் ஜாதகத்தை ஸ்டிக்கிடம் நீட்டும்: என்னால் இத்தனை புள்ளிகள் காட்ட முடியும், இன்னின்ன ஒலி எனக்குப் புரியும். ஸ்டிக் அதைப் படித்து, அதற்குத் தக்கபடிதான் அனுப்பும். டிவிக்குள் இருப்பவை இரண்டே ஸ்பீக்கர்கள். எனவே எங்கள் டிவி 'இரண்டு சேனல் போதும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டது. தனக்குப் பின்னால் ஒரு கூட்டுக்குடும்பம் இருக்கிறது, பூஜை அறை வாசலில் ஒருவரும் ஃபிரிட்ஜ் மேல் ஒருவரும் காத்திருக்கிறார்கள் என்று அது மூச்சுவிடவில்லை. ஸ்டிக்கும் மறுபேச்சின்றி ஆறு பேருக்கான ஒலியை மடித்து இரண்டாக்கிக் கொடுத்துவிட்டது. இப்படி ஒருமுறை கலந்ததைப் பழையபடி பிரித்தெடுக்க முடியாது. ரிசீவர்கள் செய்வதெல்லாம் குத்துமதிப்பு.

அப்படியானால் டிவியை நடுவிலிருந்து தூக்கிவிடலாம் அல்லவா? ஸ்டிக்கை நேராக ரிசீவரின் முதுகில் செருகினேன். ஹெலிகாப்டர் பறந்தது. படம் மங்கியது. ஓடிடியில் 4கே படம் வர வேண்டுமானால் வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் எச்.டி.சி.பி. 2.2 என்ற திருட்டுத்தடுப்புப் பூட்டு தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பூட்டு 2013-இல் வந்தது. என் ரிசீவர் ஓராண்டு முந்திப் பிறந்துவிட்டார். அவருக்கு அது தெரியாது என்று கண்டதும் ஸ்டிக் 1080-க்கு இறங்கிக்கொண்டது.

"பெரிய டிவியா வாங்கிட்டு அதுல ஏன் மங்கலாப் பாக்கணும்?" என்றாள் மனைவி.

"சத்தத்தைக் கேளு, பின்னாடி வருது பாரு."

"நாம படம் பாக்கப் போறமா, சத்தம் பாக்கப் போறமா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆனதால் அதைச் சொல்லவில்லை.

ஸ்டிக்கைத் திரும்ப டிவியிலேயே செருகிவிட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில், "ஆப்டிகல் போட்ருங்க சார். லைட்டுல போற சவுண்டு, சும்மா கிளியரா இருக்கும்" என்றார்கள். சவுண்டு லைட்டில் போவது உண்மைதான். தோஷிபா 1983-இல் தன் சிடி பிளேயருக்காகக் கொண்டுவந்த வயர் அது. நுனியில் சிவப்பாக ஒளி தெரியும். பழைய டால்பி டிஜிட்டலும் டி.டி.எஸ்ஸும் அதில் தாராளமாகப் போகும். ஆனால் இன்றைய ஓடிடிகள் அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ். அந்த 'பிளஸ்' இந்த வயரில் நுழையாது. டிவி அதைப் பழைய டால்பியாக மாற்றித் தந்தால் உண்டு. எங்கள் டிவிக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. வயரின் சிவப்பு நுனியைப் பார்த்து "தொட்டா சுடுமாடா?" என்று அம்மா கேட்டதோடு ஆப்டிகலின் உபயோகம் தீர்ந்தது.

அதே தெருவில் இன்னொருவர், இ-ஆர்க் உள்ள புது ரிசீவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று சத்தியம் செய்தார். நம்பாதீர்கள். இ-ஆர்க் 2017-இன் எச்.டி.எம்.ஐ. 2.1-ஓடு வந்தது, ப்ளூ-ரே வட்டில் இருக்கும் சுருக்காத ஒலிக்கு அது வேண்டும். ஓடிடியில் டால்பி அட்மாஸ்கூட டால்பி டிஜிட்டல் பிளஸுக்குள் உட்கார்ந்துதான் வருகிறது. அதற்கு 2009-இல் வந்த சாதா ஆர்க் போதும்: ரிசீவரிலிருந்து டிவிக்குப் போகும் அதே வயரில் ஒலி திரும்பி வரும். ரிசீவரும் தன் ஜாதகத்தை அந்த வழியாக டிவியிடம் கொடுக்கலாம், டிவி அதை ஸ்டிக்கிடம் சொல்லலாம். சொல்ல மனமிருந்தால்.

டிவியின் முதுகில் எச்.டி.எம்.ஐ. ஓட்டைகள் பல, ஆர்க் என்று எழுதியது ஒன்றே ஒன்று. எறும்புக்கு எழுதிய எழுத்து அது. டிவியோ சுவரில் அறையப்பட்டிருக்கிறது. கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, வாயில் மொபைல் டார்ச்சைக் கவ்விக்கொண்டு நான் ஓட்டை தேடிய நேரத்தில்தான் கேபிள் காசு வாங்க ஆள் வந்தார். "சார் பிசியா இருக்காரு போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்க் வேலை செய்ய சி.இ.சி. என்ற ஏற்பாட்டையும் இயக்க வேண்டும். ஒரு கருவி இன்னொன்றை ஏவுவதற்கான வசதி அது. கம்பெனிக்கு ஒரு பெயர்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். எந்தப் பெயரில் இருந்தாலும் குணம் ஒன்று. டிவியைப் போட்டால் ரிசீவர் தானாக எழுந்துகொள்ளும், முந்தின இரவு எந்த சத்தத்தில் தூங்கியதோ அதே சத்தத்தில். முந்தின இரவு நான் போர்க்களக் காட்சி ஒன்றைச் சோதித்திருந்தேன். விடியற்காலை அம்மா வழக்கம்போல் டிவியைப் போட்டு கந்த சஷ்டி கவசம் வைத்தார். ஐந்து திசையிலிருந்தும் முருகன் அழைக்கப்பட்டார். ஊஃபர் மிருதங்கத்தைத் தனியாக எடுத்துக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டியபோது நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன். அவர், "யாராவது வர்றாங்களா சார், விசேஷமா?" என்றார். அம்மாவுக்கு மட்டும் அன்று முழுக்க முகத்தில் தனிக் களை. "இத்தனை நாள் இதை ஏண்டா இப்படி வைக்கல?" என்றார்.

இத்தனைக்கும் பிறகு முகப்பில் எரிந்தது அதே 'மல்டி சேனல் ஸ்டீரியோ'. கடைசி முடிச்சு டிவியின் மெனுவுக்குள் இருந்தது. ஒலி, அதற்குள் கூடுதல் அமைப்பு, அதற்குள் டிஜிட்டல் அவுட்புட், அதற்குள் 'பி.சி.எம்.' என்று ஒரு தேர்வு. அது இருந்தால் டிவி எல்லாவற்றையும் தானே அவிழ்த்து இரண்டு சேனலாக்கித்தான் வெளியே விடும். 'பாஸ் த்ரூ' என்று மாற்றினால் வந்ததைத் தொடாமல் அப்படியே தள்ளிவிடும். சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்று இரவோடு இரவாக வந்து இந்தத் தேர்வை மாற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. படத்தின் நிறத்தைக்கூட இன்னும் அடர்த்தியாக்கிவிட்டுப் போயிருந்தது. மாற்றினேன். ஒரு விநாடி நிசப்தம். நீல எழுத்து மாறியது: 'டால்பி டிஜிட்டல் பிளஸ்'. ஹெலிகாப்டர் பூஜை அறைக்கு மேல் எழும்பி, எங்கள் தலைக்குப் பின்னால் சுற்றி, ஃபிரிட்ஜில் இறங்கியது. 4கே படம், மங்காமல். மனைவிகூட ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தாண்டா இருக்கு," என்றார் அம்மா. "தமிழ்ல போடு."

தமிழில் போட்டேன். நீல எழுத்து 'மல்டி சேனல் ஸ்டீரியோ'வுக்குத் திரும்பியது. வயரில் குற்றமில்லை, டிவியில் குற்றமில்லை. ஓடிடியில் ஒவ்வொரு மொழிக்கும் ஒலித்தடம் தனி. ஆங்கிலத்துக்கு ஆறு சேனல் கொடுத்தவர்கள் தமிழ் டப்பிங்குக்கு இரண்டு போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதற்கு எந்த மெனுவிலும் மருந்து கிடையாது.

"எங்கடா ஹெலிகாப்டர்?"

"தமிழ்ல அது பின்னாடி வராதும்மா."

"அப்ப இங்கிலீஷ்லயே போடு. நீ பக்கத்துல உக்காந்து என்ன பேசுறாங்கன்னு சொல்லு."

இப்போதெல்லாம் அப்படித்தான் படம் பார்க்கிறோம். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும் ஆங்கிலத்தில் முழங்க, அம்மாவின் இடது காதோரம் நான் தமிழில் டப்பிங் கொடுக்கிறேன்.

"அவன்தான்மா கெட்டவன்."

"எவன்? பூஜை ரூம்லேருந்து நடந்து வர்றானே, அவனா?"

"ஆமாம்மா. அவன் இவளோட அப்பாவை..."

"சத்தமாச் சொல்லேண்டா. ஃபிரிட்ஜ் மேல மழை பெய்யுது, ஒண்ணுமே கேக்கல."