ஜிப்புக்குள்ள தூங்குத வேதம்

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. இன்னொரு வேதப்புஸ்தகம் வாங்கியிருக்கியாம்லா, உங்கம்மை சொன்னா. ரொம்ப சந்தோசம். இன்னும் நாலு வாங்கு. படிக்காம இருக்கதுக்கு இதைவிட மரியாதையான வழி கெடையாது. வீட்ல ஒண்ணுதான் இருந்தா, 'ஏன் படிக்கல'ன்னு ஒருத்தன் கேப்பான். அலமாரி நெறஞ்சிருந்தா எவனும் வாயைத் தொறக்க மாட்டான்.

ஜிப் வச்சது நல்ல சாமான்டே. சங்கக் காணிக்கை ரசீது, போன வருசத்துக் குருத்தோலைச் சிலுவை, யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, மூக்குக்கண்ணாடி எல்லாம் பத்திரமா இருக்கும். வசனமும் பத்திரமாத்தான் இருக்கும், ஒருத்தரும் தொடாததுனால. வியாக்கியானப் பைபிள் அதைவிட விசேசம். மேல ரெண்டு வசனம், கீழ முக்கால் பக்கம் வெளக்கம். அதைப் படிச்சி முடிக்கதுக்குள்ள மேல என்ன இருந்துச்சின்னு மறந்துபோவும். சட்டைப்பையில அடங்குத பொடி எழுத்துப் பைபிள்? இருக்கட்டும், பையில நல்லாத்தான் இருக்கு.

வாலிபர் சங்கத்துல நீங்க போடுத சண்டையும் என் காதுல விழுந்துச்சி. 'ஓ.வி.ங்கற பழைய மொழிபெயர்ப்புதான் வேதம், மத்ததெல்லாம் கலப்படம்'னு ஒரு கூட்டமாம். அந்த ஓ.வி. என்ன, வானத்துல இருந்தா விழுந்துச்சி? ஹென்றி பவர் ஐயர் தலைமையில ஒரு குழு உக்காந்து திருத்தி, முத்தையா பிள்ளை தமிழைப் பாத்துக் குடுத்து, 1871-ல வந்தது. அன்னைக்கு அதுதான் புதுசு. லுத்தரன் சபைக்காரவுக 'எங்களுக்குப் பப்ரிசியுஸ் ஐயர் போதும்'னு வெகுகாலம் அதைத் தொடாமத்தான் இருந்தாவ. பப்ரிசியுஸ் ஐயர் புதிய ஏற்பாடு வந்தது 1772. அதுக்கும் முந்தி, தரங்கம்பாடியில சீகன்பால்க் ஐயர் 1715-லயே புதிய ஏற்பாட்டை அச்சடிச்சி முடிச்சிட்டாரு. எல்லாம் ஒரு காலத்துப் புதுசுதான்டே. பெறவு 1936-ல லார்சன் ஐயர் ஆட்கள் பாடுபட்டு ஒரு திருத்தம் கொண்டாந்தாவ. நம்ம ஜனம் அதைக் கும்பிட்டு உள்ள வச்சிட்டு, பழசையே கக்கத்துல இடுக்கிட்டுக் கோயிலுக்குப் போச்சி.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. உபதேசியார் மவன்லா நான்.

மொழிபெயர்ப்புச் சண்டை கெடக்கட்டும், அதிகாரம் வசனம்னு பிரிச்சிருக்க விதத்தைப் பாரு. பெரிய வெள்ளிக்கு வருசாவருசம் ஏசாயா 53 வாசிக்கோம்லா? அதுல வர்ற தாசனைப் பத்துன பாட்டு எங்க தொடங்குதுன்னு சொல்லு பாப்போம். 53-ல இல்ல. 52-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்துல. மூணு வசனத்தை வெளிய நிறுத்திட்டுக் கதவைச் சாத்திட்டோம். அதிகாரம் பிரிச்சது 13-ஆம் நூற்றாண்டுல ஸ்டீபன் லாங்டன்னு ஒருத்தர்ங்காவ. புதிய ஏற்பாட்டுக்கு இப்ப இருக்க வசன எண்ணைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன்னு ஒரு அச்சுக்காரரு, 1551-ல. குதிரையில போய்க்கிட்டே போட்டாருன்னு ஒரு கதை உண்டு. சில இடத்துல எண்ணு விழுந்திருக்க லெச்சணத்தைப் பாத்தா, பழியைக் குதிரை மேலயே போட்டுரலாம்னு தோணுது.

உன் ஓ.வி.யில வசனத்துக்கு வசனம் புதுப் பத்தி. சங்கீதமும் அப்படித்தான், வம்சவரலாறும் அப்படித்தான். எது பாட்டு, எது கணக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. ஆர்.சி.காரவுகளும் நம்மாளுகளும் சேந்து 1995-ல கொண்டாந்தாவள்லா திருவிவிலியம், அதுல அதே ஏசாயாவைத் தொறந்து பாரு. பாட்டைப் பாட்டா வரி ஒடிச்சிப் போட்டிருப்பாவ. அதுல ஏழெட்டுப் புஸ்தகம் கூடுதலா இருக்கேன்னு பயப்படாத, கடிக்காது. கண்ணுக்கு அதை வச்சிக்கோ, காதுக்கு ஓ.வி.யை வச்சிக்கோ. மத்ததெல்லாம் கல்யாண வீட்டுக்கு மொய்யா குடுத்துரு.

போன்ல சில ஆப்புல வசன எண்ணை மறைக்க வழி இருக்காம்லா. மறைச்சிட்டு ரூத்தை எடு. நாலே அதிகாரம். ஒரே மூச்சுல போ. எண்ணு இல்லாட்டா நிறுத்த எடம் தெரியாம நீ பாட்டுக்குப் போயிட்டே இருப்ப. உங்கம்மையைப் பாரு, பாத்திரம் வெளக்கிக்கிட்டே போன்ல வாசிக்கதைக் கேட்டு நாலு சுவிசேசத்தையும் முடிச்சிட்டா. நீ இன்னும் தோல் அட்டை கறுப்பா, பழுப்பான்னு யோசிச்சிட்டு நிக்க.

சரி, எனக்குக் கண்ணு மங்கிட்டு. அந்த ரூத்தை ஓ.வி.யில சத்தமா வாசி, கேக்கேன். நான் கண்ணை மூடுனா தூங்கிட்டேன்னு நெனச்சி ரெண்டு வசனத்தை முழுங்கலாம்னு பாக்காத. எது எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும்.