திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் பத்தடி வைப்பதற்குள் தெங்கேரா மாமா அதைச் சொல்லிவிடுவார். அத்தை முதல் கடையில் ஒரு ரவிக்கைத் துணியைத் தொட்டிருப்பார். தொட்டதுதான் குற்றம்.

"என்னா அவசரம்? மொத கடையிலயே வாங்குனா ஏமாளின்னு நெனைப்பான். தெரு முழுக்க ஒரு தடவ பாத்துருவோம். திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்."

ரங்கநாதன் தெருவில் திரும்பி வருவது மனிதர் கையில் இல்லை. அதுவும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டமே ஆளைத் தூக்கிக்கொண்டு போய் உஸ்மான் சாலையில் விட்டுவிடும். மாமா அங்கே நின்று வேர்வையைத் துடைத்தபடி வந்த வழியைப் பார்ப்பார். வழி தெரியாது, தலைகள்தான் தெரியும். "சரி, இந்தப் பக்கம் பாண்டி பஜார் இருக்கு. அங்க இன்னும் மலிவா இருக்கும்" என்று நடையைக் கட்டுவார். ரவிக்கைத் துணியின் கதை அத்தோடு முடிந்தது.

இந்தக் கூட்டத்துக்குப் பயந்துதான் 2023-இல் மாம்பலம் நிலையத்திலிருந்து தி. நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டருக்கு ஓர் ஆகாய நடைபாதை கட்டித் திறந்தார்கள். மாமா அதில் கால் வைக்கமாட்டார். "மேலயே போயிட்டா கடைய எப்படிப் பாக்குறது?" பார்ப்பதற்குத்தானே கடல் தாண்டி வந்திருக்கிறார், வாங்குவதற்கா?

மாமாவின் ஊரான தெங்கேரா மலாக்காவில் இருந்தாலும், இந்த வகை மாமாக்கள் அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மெர்லிமாவிலும் தாராளமாகக் கிடைக்கிறார்கள். திருச்சிக்கோ சென்னைக்கோ மலிவு டிக்கெட் விழுந்தால் முதலில் போன் அடிப்பவர் இவர்தான். குடும்பத்தில் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். தாலிக்கொடி முதல் தாம்பூலப் பை வரை எல்லாவற்றையும் "அங்க போயி கடைகடையா நடந்து பாத்து" வாங்கலாம் என்று ஆறு பேரைக் கிளப்பிவிடுவார். விடுதியில் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, அத்தனை பேரையும் கீழே வரவழைத்துத் தலை எண்ணுவார். தோட்டத்தில் பெரட்டு எடுத்த தண்டலின் பிள்ளை என்பது அப்போது தெரியும். கடைகள் திறக்கப் பத்து மணி ஆகும் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

நடை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரில் இவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. தெருமுனையில் நாசி லெமாக் வாங்கக் காடியை எடுப்பார். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஜோங்கர் தெருவில் பாசார் மாலாம் நடக்கிறது. தெங்கேராவிலிருந்து காலாற நடந்தால் போய்விடலாம். மாமா காடியில்தான் போவார், நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் சுற்றுவார், கிடைக்காமல் ஊர் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்புவார். அதே மனிதர் சென்னையில் இறங்கியதும் எந்த ஆட்டோக்காரரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

யாராவது கால் வலிக்கிறது என்று முனகினால் சரித்திரத்தை எடுத்துவிடுவார். "1967-ல புக்கிட் அசகான் தோட்டத்து ஆளுங்க கோலாலம்பூருக்கு நடந்தே போனாங்க. நீங்க என்னடான்னா பாரிமுனையிலேருந்து சௌகார்பேட்டைக்கு ஆட்டோ கேக்குறீங்க."

அத்தை அசகான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு அந்த நடையின் கதை மாமாவைவிட நன்றாகத் தெரியும். "அவுங்க ஞாயம் கேட்டு நடந்தாங்க. நீங்க கைக்குட்டைக்கு வெல கேட்டு நடக்குறீங்க" என்றார் ஒருமுறை. மாமாவின் காது அந்த நேரம் பார்த்து ஒரு குடைக் கடையின் பக்கம் திரும்பிவிட்டது.

மாமாவின் கொள்கை எவ்வளவு பெரிய ஆபத்து என்பது சென்னை ஜார்ஜ் டவுனில்தான் புரியும். பாரிமுனைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய பட்டணத்தில் தெருவுக்குத் தெரு சரக்கு மாறும். கல்யாணப் பத்திரிகையும் காகிதமும் ஆண்டர்சன் தெரு. துணி மொத்த வியாபாரம் கோடவுன் தெரு. நாட்டு மருந்துக்கும் பூசைச் சாமானுக்கும் ராசப்ப செட்டி தெரு. நகைக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை. பாத்திரம், கவரிங் நகை, இனிப்பு என்று தங்கசாலைத் தெரு நீண்டுகொண்டே போகும். ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை பார்த்துவிட்டுத் "திரும்பி வரும்போது" என்று சொன்னவர், தங்கசாலையின் வடகோடியில் நிற்கும்போது ஆண்டர்சன் தெரு வேறு ஜில்லா.

போதாக்குறைக்கு இவை பெரும்பாலும் மொத்தக் கடைகள். மாமா ஒரே ஒரு தட்டைத் தூக்கி "இது எவ்ளோ தம்பி?" என்பார். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் "எத்தனை டஜன் சார்?" என்பார். மாமா அதற்கும் அசரமாட்டார். பத்து டஜனுக்கு என்ன விலை, ஐம்பது டஜனுக்கு எவ்வளவு குறையும், மலேசியாவுக்குக் கப்பலில் அனுப்பினால் யார் பொறுப்பு என்று முழு வியாபாரத்தையும் பேசி முடித்துவிட்டுத்தான் அந்த வாக்கியத்துக்கு வருவார்.

தங்கசாலையில் நடந்த முறுக்கு அச்சு விவகாரத்தை இன்றும் குடும்பத்தில் ரத்தக்கொதிப்பு இல்லாதவர்கள்தான் எடுத்துப் பேசுவார்கள். பித்தளை அச்சு, நல்ல கனம், கூடவே ஐந்து வில்லைகள். ஓமப்பொடிக்கு ஒன்று, தேன்குழலுக்கு ஒன்று, நட்சத்திர முறுக்குக்கு ஒன்று. அத்தை அதைக் கையில் வாங்கிய விதத்திலேயே தீபாவளி தெரிந்தது. மாமா அச்சைப் பிடுங்கித் தட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். ஒவ்வொரு வில்லையாகப் போட்டுக் கழற்றினார்.

"எவ்ளோ தம்பி?"

"ஆயிரத்து நானூத்தம்பது சார். சிங்கப்பூரா?"

இங்கேதான் கடைக்காரர் தவறு செய்தார். மாமாவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சிங்கப்பூர் என்று மட்டும் சொல்லக் கூடாது. "மலேசியா. மலாக்கா. தெங்கேரா" என்று மூன்று படியாக இறக்கினார். தெங்கேரா பள்ளிவாசல் 1728-இல் கட்டியது என்றார். 1824-இல் சிங்கப்பூரை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்த சுல்தான் உசேன் அந்தப் பள்ளிவாசலில்தான் அடங்கியிருக்கிறார் என்றார். "அந்த ஊரக் குடுத்தவரே எங்க தெருவுலதான் படுத்திருக்காரு தம்பி. நீங்க என்னயப் பாத்து சிங்கப்பூரான்னு கேக்குறீங்க."

இதற்காகவே நூறு ரூபாய் குறைந்தது. பிறகு பேரம். மாமா ஆயிரம் என்றார். கடைக்காரர் சிரித்தார். ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து இருநூறு. மாமா வெளியே நடந்தார்; கூப்பிட்டார்கள்; திரும்பினார். ஆயிரத்து நூறு. மாமா ஆயிரத்தில் நின்றார். இருபது நிமிடம். கடைசியில் கடைக்காரர் பெருமூச்சு விட்டு, "எடுத்துக்குங்க சார், ஆயிரம்" என்று பையனிடம் காகிதத்தில் சுற்றச் சொன்னார்.

அன்றைய ரிங்கிட் கணக்கில் ஐம்பது வெள்ளி சொச்சம். அவர் கேட்ட விலை. கேட்ட விலைக்கே கிடைத்துவிட்டது.

மாமா பணப்பையைத் தொடவில்லை. "நல்ல பொருளுதான். இருங்க தம்பி, திரும்பி வரும்போது வாங்கிக்கிறோம்" என்றார்.

கடைப்பையன் பாதி சுற்றிய காகிதத்தோடு நின்றான். கடைக்காரர் மாமாவைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அனுதாபம் இருந்தது.

கோடவுன் தெருவிலும் இதே கூத்துதான், கொஞ்சம் சரித்திரம் கூடுதல். 1511-இல் போர்த்துக்கீசியன் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகத் துணி எங்கள் ஊருக்கு வந்தது என்று கடைக்காரருக்கு மாமா பாடம் எடுத்தார். உண்மைதான். ஐந்நூறு வருஷமாக வந்துகொண்டிருக்கும் துணியில் அத்தைக்கு ஒரு சேலை வந்தபாடில்லை.

இந்தக் கொள்கைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1984-இல் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் மாமா முதன்முதலாகச் சென்னைக்கு வந்தார். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய கிராமபோன் பெட்டியைப் பார்த்தார். விலை படிந்தது. அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கலாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் தீப்பிடித்து, பயணிகள் சேவையே நின்றுபோனது. அதே ஆண்டு மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட்டும் எரிந்தது. வேறு யாராக இருந்தாலும் இதிலிருந்து ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். மாமா, "அப்பவே வாங்கியிருந்தா கப்பல்ல தூக்கிட்டுப் போறது எவ்ளோ செரமம் தெரியுமா?" என்பார்.

மதுரைதான் அவருக்கென்றே கட்டிய ஊர். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரம். எந்தப் பக்கம் நடந்தாலும் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். மாமா அதைக் கண்டுபிடித்த அன்று அவர் முகத்தில் ஒரு தேஜஸ் இருந்தது. தெற்கு மாசி வீதியில் அத்தை ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து வைத்தார். அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. "இப்பப் பாரு" என்று மாமா மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று மாசி வீதிகளையும் சுற்றிக் குடும்பத்தைக் கூட்டிவந்து அதே கடை வாசலில் நிறுத்தினார். வாழ்க்கையில் முதல்தடவையாகத் திரும்பி வந்துவிட்டார்!

"அந்தச் சேலையா சார்? இப்பத்தான் போச்சு. உங்க மலேசியாக்காரங்கதான் எடுத்தாங்க."

இத்தனைக்கும் மாமாவை முழுதாக வெறுக்க முடியவில்லை. அவரோடு நடந்தால்தான் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. தேவராஜ முதலித் தெருவின் கடை நெரிசலுக்கு நடுவே சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீசுவரர் கோயிலும் அடுத்தடுத்து நிற்பதை ஆட்டோவில் போகிறவர் பார்க்க வழியில்லை. இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்த பழைய கோயிலை 1750-களில் கும்பெனிக்காரர்கள் இடித்துவிட்டு, மாற்றாக இங்கே இடம் கொடுத்த கதையை மாமா அந்த வாசலில் நின்று சொல்லும்போது குரல் தணிந்திருக்கும். பர்மா பஜார் பக்கம் போனால் அத்தோ கடையில் நின்றுவிடுவார். 1960-களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. முட்டைக்கோசும் வெங்காயமும் புளித் தண்ணியும் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். வண்டிக்காரரிடம் "உங்க தாத்தா ரங்கூன்ல எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்து, எங்கள் தாத்தாவும் ஒரு கப்பல் மாறி ஏறியிருந்தால் இந்த வண்டிக்குப் பின்னால்தான் நின்றிருப்பார் என்று முடிப்பார். அத்தோவுக்கு மட்டும் விலை கேட்பதில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டு, சில்லறையையும் அங்கேயே விட்டுவிட்டு வருவார்.

ஆனால் ஒன்றை நேராகவே சொல்லிவிட வேண்டும். அந்தக் கடைத்தெருக்களில் பெண்கள் ஒதுங்க நல்ல கழிப்பறை கிடைப்பது குதிரைக் கொம்பு. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், உதடு காய்ந்து, மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்த காலோடு, சரக்கு வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கி அறுபது வயதுப் பெண்மணி நடக்கிறார். மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்கு எங்கும் ஒரு சுவர் இருக்கிறது. பெரிய துணிக்கடைகளில் மாடியில் கழிப்பறை உண்டு, உட்கார நாற்காலி உண்டு, சில கடைகளில் காபிகூடத் தருகிறார்கள். அதற்காகவாவது உள்ளே போவோம் என்றால், "அங்கெல்லாம் ஏசிக்கும் சேத்து நம்மகிட்டதான் காசு வாங்குவான்" என்கிறார். வாங்கட்டுமே! கால் வீங்கி, அடுத்த நாள் முழுக்க விடுதியில் படுத்துக் கிடந்த அத்தையின் ஒரு நாளுக்கு என்ன விலை என்று மாமா எந்தக் கடையிலும் விசாரிக்கவில்லை. கல்யாணச் சேலைகளைக் கடைசியில் மலாக்கா பெண்டஹாரா சாலை லிட்டில் இந்தியாவில்தான் எடுத்தார்கள், மலேசிய விலையில். அங்கே மாமா பேரம் பேசவில்லை. காடிக்குப் பார்க்கிங் கிடைக்காத அவசரம்.

அடுத்தது ஐதராபாத்தாம். சார்மினார் பக்கத்தில் லாட் பஜார் என்று தெரு முழுக்க வளையல் கடைகள் இருக்கின்றன, நடந்து பார்த்தால்தான் அருமை என்று டிக்கெட் விலையைத் தினமும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அத்தை வருவதற்குச் சம்மதித்துவிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு: ஆட்டோவுக்கென்று நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் விமானம் ஏறுவதற்கு முன்பே தன் கையில் வர வேண்டும். மாமா முந்நூறில் ஆரம்பித்தார். நேற்று முந்நூற்று ஐம்பது வரை வந்திருக்கிறார். அத்தை இரண்டு முறை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். மாமா கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறார்.