தொப்புள்கொடிக்குத் தவணை

ஏனுங்க மாப்பிள்ளை, கொழந்தை இன்னும் பொறக்கலை, பேரு வெக்கலை, அதுக்குள்ள அதோட தொப்புள்கொடிக்குத் தவணை கட்டப் போறீங்களாமா? என்ற பேத்தி சொல்லுச்சு. நீங்க கம்ப்யூட்டர் உத்தியோகம், நான் எட்டாங்கிளாஸ். உங்களுக்குப் போயி நான் சொல்றதாங்க? இருந்தாலும், ஸ்டெம் செல்லுக்காகக் கொடி ரத்தத்தை ஐஸ்ல சேத்து வெக்கற கம்பெனியோட அந்தப் பளபள நோட்டீசைக் கண்ணாடி போட்டு முழுசும் படிச்சேன். முழுக்கப் பொய்யின்னு சொல்ல மாட்டேன். முழுப்பொய் சொல்றவனைத்தான் நாம சுளுவாப் புடிச்சுருவமே!

ஸ்டெம் செல் பெரிய சங்கதிதானுங்க. மத்த செல்லு ஒண்ணு ரண்டாகும், ரண்டு நாலாகும், அப்புறம் ஓய்ஞ்சு போகும். 1961-ல அமெரிக்காவுல ஹேஃப்ளிக்குன்னு ஒருத்தர் மனுச செல்லை வளத்துப் பாத்தாரு. சுமார் 50 தடவை பிரிஞ்சதும் நின்னுபோச்சாமா. ஸ்டெம் செல்லு பிரியறப்ப ஒண்ணு வேலைக்குக் கெளம்பும், இன்னொண்ணு ஸ்டெம் செல்லாவே வீட்டோட தங்கிக்கும். அதனாலதான் நம்ம எலும்பு மஜ்ஜையில வினாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணு உண்டாகிட்டே இருக்குது. சிவப்பணுவுக்கு ஆயுசே 120 நாளு. உற்பத்தியை நிறுத்துனா உங்க உத்தியோகமும் நின்னுரும்.

தொப்புள்கொடி ரத்தத்துலயும் அந்த ஸ்டெம் செல்லு இருக்குது, நெசந்தான். 1988-ல பாரிசுல எலியான் குளுக்மன்னு ஒரு டாக்டரம்மா, ஃபான்கோனி ரத்தசோகைங்கற பரம்பரை நோவு வந்த அமெரிக்கப் பையனுக்கு அதை ஏத்திப் பொழைக்க வெச்சாங்க. உலகத்துலயே அதுதான் மொதத் தடவை. யாரோட ரத்தம்னு கேட்டீங்களா? அவன் தங்கச்சிப் பாப்பாவோடது! அவனோடதையே எடுத்து வெச்சிருந்தாலும் உதவியிருக்காது. நோவு அவன் மரபணுவுலயே இருக்குதே. கரிப்பூட்டை புடிச்ச காட்டுச் சோளத்தையே விதைக்கு எடுத்து வெச்சா, மறு வெள்ளாமையும் கரிதானுங்களே!

நீங்க என்னடான்னா உங்க பாப்பா ரத்தத்தை உங்க பாப்பாவுக்கே பத்திரம் பண்றீங்க. நாளைக்கு ரத்தப் புத்துநோயே வந்தாலும், டாக்டருங்க பெரும்பாலும் பொருத்தமான அடுத்தவங்க செல்லைத்தான் தேடுவாங்க. கொடியில கெடைக்கறதும் கொஞ்சூண்டு. ஆளானவங்களுக்குப் பத்தறதே கஷ்டம். பின்னாளுல தனக்கே ஆகும்னு சேத்து வெக்கறதுக்கு அறிவியல் ஆதாரமில்லைன்னு ஐ.சி.எம்.ஆர்.ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 வழிகாட்டியில எழுதியே வெச்சிருக்குது. டெல்லியில படிச்சவங்க சொன்னதை, எட்டாங்கிளாஸ் கெழவன் சொல்றான்னு தள்ளிராதீங்க.

மூத்த கொழந்தைக்குத் தலசீமியா மாதிரி நோவு இருந்தா, அடுத்ததோட கொடி ரத்தத்தைச் சேத்து வெக்கறதுல அர்த்தமிருக்குது. உங்களுக்கு இதுதானுங்களே தலைச்சன்?

இதுக்கு நடுவுல ஜப்பான்ல யாமனாக்கான்னு ஒருத்தர் 2006-ல எலியோட தோல் செல்லுக்குள்ள நாலு மரபணுவை நொழைச்சு, அதை மறுபடியும் ஸ்டெம் செல்லு மாதிரியே ஆக்கிட்டாரு. அடுத்த வருசம் மனுசத் தோல்லயும் செஞ்சாரு. 2012-ல நோபல் குடுத்தாங்க. அது இன்னும் ஊரெல்லாம் நடக்கற பண்டுதமா ஆயிரலை. ஆனா அதுக்குத் தோலைப் பொறந்தப்பவே ஐஸ்ல வெக்க வேண்டியதில்லை பாத்தீங்களா?

காசைக் குடுத்தே தீரணும்னு கை அரிச்சா என்ற பேத்திக்கு ஒரு சேலை எடுங்க. ஸ்டெம் செல்லுதான் முக்கியம்னா கொடையாளர் பதிவேட்டுல உங்க பேரை எழுதுங்க. கன்னத்துக்குள்ள பஞ்சை ஒரு தடவு தடவி அனுப்பறதுதான் வேலை. கூடப் பொறந்தவங்களுக்கே நாலுல ஒருத்தருக்குத்தான் பொருந்துமாம், வெளியாளுக்கு அலையறவங்க எத்தனை பேரோ!

கொடி ரத்தம் போய்ச் சேர வேண்டிய எடம் பாப்பா உடம்புங்க. பொறந்ததும் கொடியை வெட்ட ஒரு நிமிசமாச்சும் பொறுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பாப்பாவுக்கு இரும்புச்சத்து சேரும். பிரசவத்தன்னைக்கு டாக்டரம்மாகிட்ட மறக்காம அதைக் கேளுங்க. அதுக்குத் தவணை கெடையாது.