ஜமுக்காளத்தில் உட்கார்ந்த சபை

டி.டி.கே. சாலையைப் பெரியவர்கள் இன்னும் மௌபரீஸ் ரோடு என்றே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஆழ்வார்பேட்டையிலிருந்து வாலிபர் ஐக்கியக் கூட்டத்துக்கு நாங்கள் நடந்துதான் போவோம். பஸ் காசு காணிக்கைப் பைக்குப் போகும் என்பது அம்மாக்களின் கணக்கு. வறுத்த கடலைக்குப் போகும் என்பது எங்கள் கணக்கு. பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சுகளை ஓரங்கட்டி ஜமுக்காளம் விரித்து, கரும்பலகையில் ‘விசுவாசம், நீதி, சமூகம்’ என்று எழுதியானதும் ஆளுக்கொரு சைக்ளோஸ்டைல் தாள் கைக்கு வரும். மை காயாத அந்தத் தாளை முகர்ந்து பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

அந்த வயதில், மாலை ஐந்து மணிக்குள் உலகத்தைத் திருத்திவிடலாம் என்றுதான் நம்பினோம். நம்ப இடமும் இருந்தது. பக்கத்திலேயே, கதீட்ரல் சாலையில், செயின்ட் ஜார்ஜ் பேராலயம் நிற்கிறது. நாடு விடுதலை பெற்ற ஆறே வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது அங்கேதான். அந்த ஆராதனையில் நின்ற பெரியவர்கள் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆனால் இத்தனை மரபுகள் ஒன்றான பிறகும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் மட்டும் சாதிக்கொரு பக்கமாக இருக்கிறதே என்று பின்வரிசையிலிருந்து யாராவது கேட்டால், “ஜெபிப்போம் தம்பி” என்று கூட்டத்தை முடித்துவிடுவார்கள். அக்காமார்களுக்கோ கேள்வி கேட்கவே நேரமிருக்காது. அவர்கள் அடுப்படியில் இருப்பார்கள்.

இன்று அதே தலைப்புகளில் நடக்கும் பயிலரங்கில் போய் உட்கார்ந்தால் மனம் நிறைகிறது. ஏசி ஹால், கழுத்தில் பெயர் அட்டை, திரையில் படங்கள். அதைவிட முக்கியமாக, அன்று பின்வரிசையில் கேட்டவரின் பேத்தி வயதுள்ள பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு, 1950 ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்ததையும், 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டதையும், தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்பதையும் தடுமாறாமல் சொல்கிறாள். அவளை ஜெபத்தால் யாரும் மறிப்பதில்லை. 2013-இல் புஷ்பலலிதா என்ற பெண் நந்தியால் பேராயரானதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. இந்த மாற்றத்தில் ஒரு துளியைக்கூட நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

மதிய இடைவேளையில்தான் எனக்குப் பழைய ஏக்கம் வந்துவிடுகிறது. பொட்டலங்கள் வருகின்றன, அவரவர் பொட்டலத்தோடு அவரவர் செல்போனும் திறந்துகொள்கிறது. நாலரைக்கு நன்றியுரை, நாலே முக்காலுக்கு வாசலில் வாடகைக் கார். மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலைகளைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் தனித்தனியே வீடு சேர்கிறார்கள். அன்று வெங்காயம் உரித்தபடி, அண்டாவைத் தூக்கியபடி, இலை எடுத்தபடி, பிறகு தெருவிளக்கு எரியும்வரை நடந்தபடி நாங்கள் பேசியவைதான் தாளில் இல்லாத பாடங்கள். காலையில் வாதாடியவரோடு மாலையில் ஒரே கடலைப் பொட்டலத்தில் கைவிட வேண்டியிருந்ததால், கோபத்தை வீடுவரை கொண்டுபோக முடிந்ததில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, மக்கள் அன்போடு அழைத்த பறட்டை அண்ணன், இதை நன்றாக அறிந்திருந்தார். நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்த அவர், ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதையே இறையியலின் நடுவில் வைத்தார். யாரோடு யார் சமைக்கலாம், யார் கையால் யார் உண்ணலாம் என்று சாதி வகுத்த நாட்டில் அதைவிடக் கூர்மையான நீதிப் பாடம் எது?

ஆகவே அடுத்த பயிலரங்குக்கு நிகழ்ச்சி நிரல் போடும் தம்பி தங்கைகளிடம் என் வேண்டுகோள் ஒன்று. மைக் அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும். கேள்விகள் இன்னும் கூராகட்டும். ‘சமூகம்’ என்ற தலைப்பில் வைத்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தை மட்டும் சமையலுக்கு ஒதுக்குங்கள். இம்முறை ஆண்கள் வெங்காயம் உரிக்கட்டும், பேராயரும் பந்தி பரிமாறட்டும். அன்றைக்கு அந்தத் தலைப்பில் பேச ஒருவரைத் தனியே அழைக்க வேண்டியிராது.